பதினாறாவது விளக்கு எரியாத வீடு

வின்ஃப்ரீட் மோஸ்னர் அந்த இசைப்பெட்டியின் முதல் பொத்தானை அழுத்திய சனிக்கிழமை பிற்பகலில், கீழ்த்தளத்து முதலாம் வீட்டில் வெண்ணெய் தடவிய பிரெட்ஸலோடு உட்கார்ந்திருந்த ஹேஃபெலே அம்மா எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். எழுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை, வாசல் மணியும் அடிக்கவில்லை. அவன் ஐந்தாம் பொத்தானை அழுத்தியதும் ஐந்தாம் வீட்டில் குடும்பமே எழுந்தது. ஒன்பதாவதை அழுத்தியபோது எங்கள் வீட்டில் நாங்கள் எழுந்தோம். அன்று மரியன்பிளாட்ஸ் சந்தையில் ஸ்ட்ராபெர்ரி விலை பாதியாக இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டுட்கார்ட்டின் எங்கள் ஹெஸ்லாக் பேட்டை முழுக்க அன்றைய பேச்சு அதைப் பற்றித்தான் இருந்தது.

எங்கள் கட்டடம் நான்கு தளம், தளத்துக்கு நான்கு கதவு. பதினாறாவது கதவு வின்ஃப்ரீடுடையது, மேல்தளத்தின் கடைசி. அவன் உட்காராத மனிதன். காரின் கண்ணாடித் துடைப்பான்களைச் சோதித்துப் பார்க்கும் தொழிற்சாலைக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் துடைப்பான்கள் இங்கும் அங்குமாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் அவனும் ஓடிக்கொண்டிருப்பான். ஸ்டுட்கார்ட்டில் சும்மா இருப்பவனை யாருக்கும் பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் எங்களுக்கே அவனைப் பார்த்தால் களைப்பாக இருக்கும். சாப்பாட்டை நின்றபடி சாப்பிடுவான். மனைவி பேச ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவான். தொழிற்சாலையில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தபோது நிலைமை முற்றியது. அந்த வசந்தத்தில், வெள்ளை அஸ்பராகஸ் சந்தைக்கு வந்த முதல் வாரம், மனைவி ஹைட்ரூன் துணிப்பெட்டியைக் கட்டிவிட்டாள்.

போகும்போது அவள் சத்தம் போடவில்லை. மாடிப்படியில் நின்று சொன்னதால் நான்கு தளத்துக்கும் கேட்டது. "இருபத்திரண்டு வருஷமா நான் ஒரு பேச்சப் பேசி முடிச்சதில்ல வின்ஃப்ரீட். பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடற. கிறிஸ்மஸுக்கு முன்னாடி, அட்வென்ட் மொத ஞாயித்துக்கெழம வர்றேன். மனசுல இருக்கறதச் சொல்லுவேன். நான் முடிக்கிற வரைக்கும் நீ உக்காந்திருந்தா, பெட்டியோட திரும்பிடறேன். எந்திரிச்சேன்னா ட்யூபிங்கன்ல அக்கா வீட்டோடயே இருந்துக்கறேன்."

"சரி, ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு நிலவறையில் விளக்கை அணைத்தோமா என்று பார்க்கப் போனான் வின்ஃப்ரீட். அவன் திரும்பி வருவதற்குள் அவள் டிராம் ஏறிவிட்டாள்.

இசைப்பெட்டியைக் கொடுத்தது தாரிக், அதே சோதனைக் கூடத்தில் வேலை செய்பவன், வாரக் கடைசியில் மதுக்கூடங்களில் இசை போடுபவன். பழைய சின்தசைசர், ஒரு பெரிய ரொட்டி அளவு. "அண்ணே, இது தானா வாசிக்கும். நீங்க வெளக்க மட்டும் போட்டுட்டு உக்காந்து கேக்கணும். உக்கார்றதுக்கு இதவிட நல்ல பயிற்சி கெடையாது," என்றான். பெட்டியின் கீழ்வரிசையில் பதினாறு பொத்தான்கள். ஒரு சிவப்புப் புள்ளி இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகும். நீங்கள் அழுத்தி விளக்கேற்றி வைத்த பொத்தானைத் தொடும்போது சத்தம் எழும், ஏற்றாததைப் பேசாமல் கடந்து போகும், கடைசி வந்ததும் முதலுக்குத் திரும்பும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. கூட்டும் வாரத்துப் பலகை இதைத்தான் செய்கிறது. இந்த வாரம் யார் படிக்கட்டையும் நடைபாதையையும் கூட்ட வேண்டுமோ அவர் கதவின் ஆணியில் அந்த மரப்பலகை தொங்கும், வாரம் முடிந்ததும் பக்கத்துக் கதவுக்குப் போகும், பதினாறு கதவும் முடிந்ததும் மறுபடி ஹேஃபெலே அம்மா கதவுக்கு வரும். போர் வந்தபோதும் நிற்காத பலகை அது என்று அவர் சொல்வார்.

வின்ஃப்ரீட் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கற்றுக்கொண்டான். கையேட்டை எட்டாம் பக்கம் வரை படித்தான், அதற்கு மேல் பொறுமை இல்லை. அவன் கற்றதெல்லாம் கட்டடத்துக்குத் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு குமிழைத் திருப்பினால் அந்த ஒரு சுரம் மட்டும் உயரும் என்று கண்டுபிடித்த அன்று, ஆறாம் வீட்டில் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியை வோல்ஹாஃப் நுனிக்காலில் எழுந்தார். குமிழை அவன் கோடி வரை திருப்பியபோது தரையிலிருந்து ஒரு சாண் மேலே நின்றார். அலமாரியின் மேல்தட்டைத் துடைக்க வெகுநாளாக ஏணி தேடிக்கொண்டிருந்ததால் அதையும் அப்போதே முடித்துக்கொண்டார். ஒரு சுரத்தை அடுத்ததோடு சேர்த்து இழுக்கக் கற்ற வாரம், பதினோராம் வீட்டு இளம் தம்பதி எழுந்தவர்கள் எழுந்தபடியே பன்னிரண்டாம் வீட்டின் முறையும் முடியும் வரை நின்றார்கள். சத்தம் குறைவாக வைத்த வீட்டில் பாதி எழுந்து, நாற்காலியை விட்டும் விடாமலும் தொங்கினார்கள். அதுதான் இடுப்புக்கு மிகவும் கெடுதல்.

உட்கார்ந்தால்தானே எழ வேண்டும் என்று கோடைக்கால நடுவில் எல்லோருக்கும் தோன்றிவிட்டது. ஒவ்வொரு வீடாக நாற்காலிகளை நிலவறையில் கொண்டுபோய் அடுக்கினோம். பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் நின்றபடி சாப்பிடப் பழகினோம், சீட்டாடுவதற்கு இஸ்திரி மேசையை உயர்த்தி வைத்துக்கொண்டோம். உடம்பு இளைத்தது, மனசு மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்கள் தெருவிலேயே எங்கள் கட்டடத்து ஜன்னல்களில்தான் ஆட்கள் எந்நேரமும் நின்றுகொண்டிருந்தார்கள். டிராமில் போகிறவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

புகார் கொடுக்க ஹேஃபெலே அம்மா கட்டட விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தார். மதிய ஓய்வு நேரத்தில் சத்தம் கூடாது என்றிருந்தது, ஆனால் வின்ஃப்ரீட் சத்தமே போடவில்லை, எல்லாம் அவன் காதுக்குள். ஞாயிற்றுக்கிழமை துளை போடக் கூடாது என்றிருந்தது, அதையும் அவன் செய்யவில்லை. அடுத்த வீட்டுக்காரரை எழுந்து நிற்க வைக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. விதியில் இல்லாததற்குப் புகார் கொடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. படியில் பார்க்கும்போது மட்டும், "மோஸ்னர், உங்க பாட்டு ரொம்ப நீளமா?" என்று கேட்பார். "கத்துக்கிட்டிருக்கேன்," என்பான் அவன், நிற்காமல்.

செப்டம்பருக்குள் பதினாறு விளக்கையும் ஏற்றிவிட்டான். வேகத்தையும் கூட்டினான். தாரிக் ஒருநாள் வந்து ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு உடனே கழற்றினான். "அண்ணே, இது பாட்டில்ல, ஓவர்டைம். நடுவுல கொஞ்சம் விடுங்க. நீங்க விட்ட எடமும் வாசிக்கும்." அவன் போனதும் வின்ஃப்ரீட் முயன்று பார்த்தான். மூன்றாவதை அணைத்தான், ஏழாவதை அணைத்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் தரையில் விழுந்த மாதிரி உட்கார்ந்து நன்றி சொன்னார்கள். பிறகு பதினாறாவதை, அவனுடையதை, அணைத்தான். புள்ளி அந்த இடத்துக்கு வந்தபோது வந்த மௌனத்தில் அவனுக்குத் தன் வீடு கேட்டது. குளிர்பெட்டியின் முனகல், ஹைட்ரூனின் கோட்டு இல்லாத கொக்கி, யாரோ ஒரு பேச்சைத் தொடங்கிப் பாதியில் விட்டது. பயந்துபோனான். எழுந்து ஜன்னல் கொக்கியைப் பார்த்தான். எழுவதற்கு அவனுக்குப் பெட்டி ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

அந்தப் பயத்தில்தான் எங்கள் ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய காரியத்தைச் செய்தான். காலியாக ஒன்றை வைத்துக்கொண்டு எதற்கு ஓட்ட வேண்டும், வீண்தானே என்று யோசித்தான். கையேட்டின் எட்டாம் பக்கத்தில் வரிசையின் நீளத்தைக் குறைக்கும் வழி இருந்தது. பதினாறைப் பதினைந்தாக்கினான். புள்ளி பதினைந்தைத் தொட்டதும் நேராக ஒன்றுக்குத் தாவியது, நடுவில் மூச்சு விட இடமில்லாமல். அவனுக்குப் பரம நிம்மதி. மறுநாள் காலையில் கட்டடத்தில் பதினைந்து வீடுதான் இருந்தது.

மேல்தளத்தில் மூன்று கதவும், நான்காவது இருந்த இடத்தில் வெள்ளையடித்த சுவரும். வாசலில் அழைப்புமணி வரிசை ஒன்று குறைந்திருந்தது, தபால் பெட்டியும் ஒன்று குறைந்திருந்தது. தபால்காரி கையில் மோஸ்னர் பெயரில் ஒரு விளம்பரத் தாள் மிஞ்சியது, அதை எங்கள் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். அவனை யாரும் தேடவில்லை. தொழிற்சாலையில் அந்த மாதம் வேலையை மொத்தமாகவே நிறுத்தியிருந்தார்கள். கதவையே திறக்காததால் அவனுக்கும் எதுவும் தெரியாது. உள்ளே ஹெட்போனோடு நின்றபடி, புட்டியில் அடைத்த வெள்ளரிக்காயைத் தின்றுகொண்டு, இடைவெளியே இல்லாமல் சந்தோஷமாக இருந்தான். ஹைட்ரூன் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையை நாட்காட்டியில் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்தத் தடவை உட்கார்ந்துவிடுவேன் என்று நம்பவும் செய்தான், பாவம்.

அட்வென்ட் முதல் ஞாயிறு மதியம் அவள் வந்தாள். துணிப்பெட்டியைக் கீழே ஹேஃபெலே அம்மா வீட்டில் வைத்துவிட்டு மேலே ஏறினாள், சுவரைப் பார்த்தாள், இறங்கி வந்தாள். "என் வீடு எங்க?" என்றாள்.

"போன மாசத்துலேர்ந்து இல்லம்மா," என்றார் ஹேஃபெலே அம்மா, நின்றபடிதான். "நேத்து பதினஞ்சாம் வீட்டுக்காரன் பலகைய எடுத்துட்டு எங்கிட்ட வந்துட்டான். அடுத்தது ஒண்ணுதானேங்கறான். எனக்கு இன்னும் மொற வரல. நான் வாங்கிக்கவும் முடியாது, அவன் வெச்சுக்கவும் மாட்டேங்கறான். நேத்துலேர்ந்து அது படியில சாஞ்சு கெடக்கு. இந்தக் கட்டடத்துல இப்படி ஒரு அசிங்கம் நடந்ததே இல்ல."

ஹைட்ரூன் பலகையை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போனாள். கதவு போயிருந்தது, ஆனால் பலகை மாட்டும் ஆணி சுவரில் அப்படியே இருந்தது. அவளே அடித்த ஆணி, கொஞ்சம் கோணல். பலகையை அதில் மாட்டினாள். பிறகு நிலவறைக்குப் போய் நாற்காலிக் குவியலில் தன்னுடையதைத் தேடி எடுத்து வந்து, சுவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்துவிட்டாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் உதடுதான் அசைந்தது. படியிலிருந்து எட்டிப் பார்த்த ஹேஃபெலே அம்மா அவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்து முதலில் தலைகுனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சந்தேகத்தோடு தன் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

அந்த நேரத்தில்தான் வின்ஃப்ரீட், அவளை இன்னும் காணோமே என்று தன் கதவைத் திறந்தான். எதிரில் மேல்தளத்து நடை இல்லை. ஹேஃபெலே அம்மாவின் கால்மிதியடியும், அதன் மேல் ஹேஃபெலே அம்மாவும் இருந்தார்கள். பதினைந்துக்குப் பிறகு ஒன்று என்று அவன்தானே வைத்திருந்தான்.

"வெளிய கால வெச்சீங்க, அப்புறம் உள்ள போக முடியாது," என்றார் அவர். "ஒங்க பொண்டாட்டி மேல ஒக்காந்திருக்கா. வாயத் தொறக்கறா, சத்தம் வரல. பதினாற என்ன பண்ணீங்க?"

"காலியா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

"காலியா இருந்தா எடுத்துடுவீங்களா? முன்னாடி மூணாம் வீடு வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்துச்சே, பலகை அந்த ஆணியில ஒரு வாரம் தொங்குச்சா இல்லையா? நாலாம் வீட்டுக்காரி ஒருநாளாவது தாண்டி வாங்கியிருப்பாளா? வாரம்னா வாரம். ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அது அந்த வீட்டு வாரம். போங்க உள்ள!"

இருபத்திரண்டு வருடம் அவன் மனைவி சொன்னது ஏறாத காதில் இது ஏறியது. ஏன் என்று கேட்டால், இது விதி. கதவைச் சாத்திவிட்டு ஓடினான். நீளத்தை மறுபடி பதினாறாக்கினான். விரல் பழக்கத்தில் பதினாறாவது விளக்கை ஏற்றப் போனது, இழுத்துக்கொண்டான். வேகத்தைக் குறைத்தான், போகிற மட்டும் குறைத்தான், ஒரு வாய் காப்பி விழுங்கும் நேரத்துக்கு ஒரு பொத்தான் என்று புள்ளி தவழ ஆரம்பித்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். புள்ளி பதினாறுக்கு வந்தது. எரியாத விளக்கு, சத்தமில்லை. அந்தச் சத்தமில்லாத இடத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஹைட்ரூனின் குரல், "நெலவற சாவி என்கிட்டதான்" என்றது. அதற்குள் புள்ளி ஒன்றுக்குப் போய்விட்டது, குரல் நின்றது.

பதினாறாம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பதினாறாவதில்தான் குரல் வந்தது. அவளுக்கும் அது புரிந்துவிட்டது. முறை வரும் வரை வாயை மூடிக்கொண்டு, வந்ததும் நாலு வார்த்தை சொன்னாள். அவன் ஓடிப் போய்க் கதவைத் திறந்தால் என்ன என்று யோசித்தான். திறந்தால் ஹேஃபெலே அம்மாவின் கால்மிதியடி இருக்கலாம். அடுப்பை அணைத்தோமா என்று எழுந்தான். அடுப்படிக்குப் போவதற்குள் முறை வந்து போய்விட்டது, அவள் சொன்ன நாலு வார்த்தையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. அது என்ன என்று இன்று வரை அவனுக்குத் தெரியாது, அவள் சொல்வதாகவும் இல்லை. அதற்குப் பிறகு அவன் எழவில்லை. நாற்காலியெல்லாம் நிலவறையில் இருந்ததால் பழச்சாற்றுப் புட்டிக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான். கால் துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

முதலில் சில்லறை விஷயங்கள்தான் வந்தன. சாவி, அக்கா மகளின் கல்யாணம், குளியலறைத் திரையை மாற்றாதது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி கட்டடம் முழுவதையும் சுற்றி வர வேண்டியிருந்தது. ஹேஃபெலே அம்மா எழுந்தார், ஐந்தாம் வீடு எழுந்தது, நாங்கள் எழுந்தோம், வோல்ஹாஃப் தரைக்கு மேலே போய் வந்தார், பிறகு பதினாறு. என்ன சொல்கிறாள் என்று கேட்க நாங்களும் கதவைத் திறந்து வைத்திருந்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"அப்பா செத்த அன்னைக்கு," என்றாள்.

சுற்றி வந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வீட்டுக்கு வந்தேன்."

சுற்றி வந்தது.

"நீ ஜன்னல் மறைப்ப இழுக்கற வார சரிபண்ணிட்டிருந்த."

சுற்றி வந்தது. அந்தச் சுற்று எங்களுக்கே நீளமாக இருந்தது.

"'ஒரு நிமிஷம்'னு சொன்ன."

அடுத்த பதினாறில் அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. வின்ஃப்ரீட் கூடையின் மேல் அசையாமல் இருந்தான். அவள் எழுந்து போய்விட்டாளோ என்று தோன்றியது. போய்ப் பார் என்றது கால், உட்கார் என்றது மனம். உட்கார்ந்திருந்தான். மூன்றாவது முறை குரல் வந்தது.

"அந்த நிமிஷம் இன்னும் முடியல வின்ஃப்ரீட்."

அவன் அழுதான். அந்த வாரை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது, பழுப்பு நிறம், ஓரம் நைந்தது. அவள் அன்று வாசலில் கோட்டோடு எவ்வளவு நேரம் நின்றாள் என்பது மட்டும் நினைவில்லை. எதையும் எழுந்து சரிசெய்ய முடியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் அடுத்த பதினாறுக்காகக் காத்திருந்தான். தெருவில் விளக்குகள் ஏற்றிய பிறகும் அவள் பேசினாள். மாமியாரைப் பற்றிக் கொஞ்சம், தன்னைப் பற்றி அதிகம். கடைசியில், "அவ்வளவுதான், முடிச்சிட்டேன்," என்றாள். அப்போது அவள் எதிரில் சுவர் இல்லை, பலகை தொங்கும் கதவு இருந்தது. அது எப்போது வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

ஹைட்ரூன் கதவைத் திறந்தாள். கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். முகத்தையும் பார்த்தாள்.

"எந்திரிச்சியா?"

"ஒரு தடவ. அடுப்பு."

அவள் அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "அது சாவியப் பத்தி பேசினப்பதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு இசைப்பெட்டியைப் பார்த்து, "இந்த வரிசைய சேமிச்சு வெச்சியா? கரண்டு போனா என்ன ஆகும்?" என்றாள்.

"எப்படின்னு தெரியல. எட்டாம் பக்கம் வரைக்கும்தான் படிச்சேன்."

"ஒன்பதாம் பக்கத்துல இருக்கும்," என்றாள் ஹைட்ரூன். இருந்தது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும், அவளே அழுத்தினாள்.

நாற்காலிகள் மேலே ஏறிவிட்டன. அவரவர் முறை வரும்போது இன்றும் எழுந்து உட்காருகிறோம், வோல்ஹாஃபின் மேல்தட்டில் தூசியே இல்லை, எல்லோருக்கும் முழங்கால் தேவலை. பதினாறாவது வரும்போது மட்டும் கட்டடம் முழுவதும் ஓய்ந்துவிடும். படி ஏறுகிற தபால்காரி ஒரு காலைத் தூக்கியபடி நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். புதிதாகக் குடிவந்தவர்கள் ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாதே என்று ஹேஃபெலே அம்மா வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதைக் கட்டட விதிகளிலும் சேர்த்துவிட்டார். மதிய ஓய்வுக்கும் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது: பதினாறாவதில் யாரும் சத்தம் செய்யக் கூடாது, அங்கே ஒருவர் பேசத் தொடங்கியிருக்கலாம்.